இல்லாமையும் கிடைக்காமையும்: மலாயா, சிங்கப்பூர்த் தமிழ் நூற்பட்டியல்களின் வரலாறும் மாணவர் ஆய்வுத் தேடலும்

முன்னுரை

இளங்கலை, முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளில் ‘இத்தலைப்பில் இதுவரை ஆய்வுகள் எவையும் நிகழவில்லை’ என்னும் தொடர் பெரும்பாலும் முன்னுரையிலேயே இடம்பெற்றுவிடுகின்றது. அதற்கு ஆதாரம் யாது என வினவினால், நூலகத் தரவுத்தளத்தில் ஒன்றிரண்டு சொற்களை இட்டுத் தேடியபொழுது எதுவும் கிடைக்கவில்லை என்பதே பல வேளைகளில் விடையாக அமைகின்றது. ‘கிடைக்கவில்லை’ என்பது ஒரு மாணவரின் அனுபவம். ‘இல்லை’ என்பது ஒரு வரலாற்றுக் கூற்று. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவுவதற்கு எவ்வகை அளவையும் இடந்தருவதில்லை.

தரவுத்தளம் என்பது நேற்றுப் பிறந்த கருவி போலத் தோன்றினும், அதன் உள்ளிருக்கும் பதிவுகள் நேற்றுப் பிறந்தவையல்ல. காலனித்துவ அரசின் பதிவேடு, அருங்காட்சியகத்தின் அச்சுப் பட்டியல், பல்கலைக்கழக நூலகத்தின் அட்டை, கணினிப் பதிவு எனப் பல படிகளைக் கடந்தே ஒரு தமிழ் நூலின் பெயர் இன்று திரையில் தோன்றுகின்றது. ஒவ்வொரு படியிலும் சில நூல்கள் விடுபட்டன. சில பெயர்கள் உருமாறின. சில பொருள்கள் பிறர் இட்ட தலைப்பின்கீழ்ச் சென்று மறைந்தன. அவ்வரலாற்றை அறியாத தேடல், சொல்லை மட்டுமே தேடுகின்றது; அறிந்த தேடல், நூலைத் தேடுகின்றது. மலாயா, சிங்கப்பூர்த் தமிழ் நூற்பட்டியல்களின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதிலிருந்து மாணவர் தேடலுக்குரிய நெறிகளை வகுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காலனித்துவப் பதிவேடுகளும் அவற்றின் இடைவெளிகளும்

அச்சிட்ட தமிழ் நூல்களை முறையாகப் பட்டியலிடும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, ஜான் மர்டாக் 1865 ஆம் ஆண்டு சென்னையில் வெளியிட்ட பொருள்வாரிப் பட்டியலாகும். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1867 மார்ச் 22 ஆம் நாள், பிரித்தானிய இந்தியாவில் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விளைவாக மாகாண அரசுகள் தத்தம் எல்லைக்குள் அச்சான நூல்களைக் காலாண்டுதோறும் பட்டியலிட்டு வெளியிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர்க்கு இப்பட்டியல்கள் இன்றும் முதன்மைச் சான்றுகளாகும்.

ஆயின், அதே 1867 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் நாள், சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியன அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு, இலண்டன் குடியேற்ற நாட்டு அமைச்சின் நேரடி ஆளுகைக்குள் வந்தன. சட்டம் பிறந்த பத்து நாள்களுக்குள் இவ்வட்டாரம் அதன் எல்லைக்கு வெளியே சென்றுவிட்டது. இங்கு நூற்பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது 1886 ஆம் ஆண்டிலேயாகும். அதன்பின்னரே பதிவான நூல்களின் விவரம் நீரிணைக் குடியேற்றங்களின் அரசிதழில் இடம்பெறத் தொடங்கியது.

இவ்விடைவெளியின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் அச்சான தமிழ் இலக்கிய நூல்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழமையானதாகக் கருதப்படுவது, நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவர் இயற்றிய ‘முனாஜாத்துத் திரட்டு’ ஆகும். அது 1872 இல் வெளிவந்தது. இந்திய மாகாணப் பட்டியல் அதனைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. இங்கோ பதிவுச் சட்டம் இன்னும் பிறக்கவில்லை. இதற்கு மாறாக, யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’, ‘சித்திரகவிகள்’ ஆகியன 1887 இல், அதாவது சட்டத்தின் பின், வெளிவந்தவை. ஆகவே, 1886 க்கு முற்பட்ட நூல்களின் எண்ணிக்கை குறைவாகத் தோன்றுவது, அக்காலத் தமிழர் எழுதவில்லை என்பதற்குச் சான்றாகாது. எழுதியதைப் பதிவு செய்யும் அமைப்பு இல்லாதிருந்தது என்பதற்கும் அதுவே சான்றாகலாம்.

இலண்டனில் சேர்ந்த நூல்களுக்கு, எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியல் 1909 இலும், அதன் துணைப் பட்டியல் 1931 இலும் அச்சாயின. அருங்காட்சியகத்தின் நூற்தொகுதி 1973 இல் உருவான பிரித்தானிய நூலகத்தின் பகுதியாயிற்று. இந்தியா அலுவலக நூலகம் 1982 இல் அதனுடன் இணைந்தது. தனித்தனியே வளர்ந்த இரு தொகுதிகள் பின்னாளில் ஒரு கூரையின்கீழ் வந்தன என்பதை அறிந்த மாணவர், ஒரு தொகுதிக்குரிய பட்டியலில் காணாததை மற்றதற்குரிய பட்டியலிலும் தேடுவார்.

2. பல்கலைக்கழகமும் உள்நாட்டுப் பட்டியல்களும்

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956 இல் நிறுவப்பட்டது. தனிநாயகம் அடிகளார் அத்துறையில் பணியாற்றிய காலத்தில், 1966 ஏப்ரலில், முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அதே ஆண்டு அவர் தொகுத்த தமிழியல் நூல்களுக்கான ஆய்வு வழிகாட்டியை மலாயாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆய்வுக்கு முன் நூற்பட்டியல் வேண்டும் என்னும் உணர்வு இத்துறைப் புலத்தின் தொடக்கக் காலத்திலேயே இருந்தமைக்கு இதுவே சான்று.

அவ்வுணர்வின் உள்நாட்டுக் கனி, இராம சுப்பையா தொகுத்து 1969 இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ ஆகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஒருங்கே காட்டும் சரிபார்ப்புப் பட்டியல் அது. இன்றைய மாணவர் பலர் இதனைப் ‘பழைய நூல்’ எனக் கருதிக் கடந்து செல்கின்றனர். தரவுத்தளம் ஒரு நூலகத்தின் இருப்பைக் காட்டுகின்றது. இத்தகைய பட்டியலோ ஒரு வட்டாரத்தின் வெளியீட்டைக் காட்ட முயல்கின்றது. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள்.

அதே காலப்பகுதியில் சட்டமும் மாறியது. மலேசியாவில் 1966 ஆம் ஆண்டின் நூற்பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1986 ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டமும், வெளியீட்டாளர் தேசிய நூலகத்திற்குப் படிகளை அளிக்க வேண்டுமென விதித்தன. சிங்கப்பூரில் 1967 ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் சட்டம் அப்பணியைச் செய்தது. பின்னர் 1995 ஆம் ஆண்டின் தேசிய நூலக வாரியச் சட்டம் அப்பொறுப்பை ஏற்றது. இரு நாடுகளிலும் தேசிய நூற்றொகைகள் 1960களின் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கின. சட்டம் இருப்பினும் எல்லா வெளியீடுகளும் ஒப்படைக்கப்படுவதில்லை. ஆலயக் குடமுழுக்கு மலர், தோட்டப் பள்ளி மலர், சங்க ஆண்டறிக்கை, ஆசிரியர் தம் கைப்பொருள் கொண்டு அச்சிட்ட கவிதைத் தொகுதி ஆகியன எளிதில் விடுபடக்கூடியவை. சமூக வரலாற்று ஆய்வுக்கு இன்றியமையாதவையும் இவையே.

3. எழுத்துப்பெயர்ப்பு என்னும் தடை

அட்டைப் பட்டியற் காலத்தில் ஒரு நூலகர் தமிழ் நூலின் பெயரைத் தமிழிலேயே எழுதி அட்டையில் இடலாம். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘மார்க்’ என்னும் கணினிப் பதிவு முறையை உருவாக்கியபொழுது, அது ரோமன் எழுத்துக்களையே முதன்மையாகக் கொண்டிருந்தது. அட்டைகள் கணினிக்கு மாற்றப்பட்ட பல நூலகங்களில் தமிழ் நூல்கள் ரோமன் உருவம் பூண்டன. தமிழ் எழுத்திலும் பதிவு செய்யும் வசதி பிற்காலத்தில் வந்ததெனினும், முன்னர்ச் செய்த பதிவுகள் அனைத்தும் திருத்தப்பட்டன எனக் கொள்ளலாகாது. எனவே, தமிழில் மட்டும் தேடுபவர்க்குப் பழைய பதிவுகள் புலப்படாமற் போகலாம். ஆங்கிலத்தில் மட்டும் தேடுபவர்க்கும் அவ்வாறே.

ரோமன் உருவத்திலும் ஒரு நுட்பம் உண்டு. நூலகங்கள் பெரிதும் பின்பற்றும் முறை, 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் எழுத்துப்பெயர்ப்பு முறையோடு பெரும்பாலும் ஒத்தது. அம்முறை ஒலியைப் பின்பற்றுவதன்று, எழுத்தைப் பின்பற்றுவது. சகரம் எங்கு வரினும் ஆங்கில எழுத்தான ‘சி’ ஆக எழுதப்படும். வழக்கிலுள்ள ‘எஸ்’ அன்று. ககரம் எப்பொழுதும் ‘கே’. சொல்லிடையில் ஒலிக்கும் ‘ஜி’ அன்று. ஆகவே சிங்கப்பூர், சங்கம், சாரங்கபாணி எனத் தொடங்கும் பெயர்கள் யாவும் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தின்கீழ் நிற்கும்.

இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு ‘முன்னேற்றம்’. 1929 இல் சிங்கப்பூரில் தொடங்கிய இச்சீர்திருத்த இதழின் பெயரை நாம் ஆங்கிலத்தில் எழுதும்பொழுது ‘ற்ற’ என்பதற்கு ‘டி’, ‘ஆர்’ என்னும் எழுத்துக்களை இடுகின்றோம். பேரகராதி முறையோ கீழ்க்கோடிட்ட இரண்டு ‘ஆர்’ எழுத்துக்களை இடுகின்றது. தேடும்பொழுது கோடுகளை விட்டுவிடலாம். பெரும்பாலான தரவுத்தளங்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. எழுத்தை மாற்றிவிட்டால் இதழ் கிடைக்காது. இவ்வொரு விதியை வகுப்பறையில் அரைமணி நேரம் பயிற்றுவித்தால், மாணவரின் தேடல் எல்லை பன்மடங்கு விரிவடையும்.

ஆசிரியர் பெயர்களும் தனிக் கவனத்திற்குரியவை. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லாமையால், தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னே தள்ளப்படுவது பட்டியல் மரபு. கோ. சாரங்கபாணியைச் ‘சாரங்கபாணி, கோ.’ என்றே தேட வேண்டும். தமிழ் முஸ்லிம் ஆசிரியர்களின் பெயர்களோ தமிழ் வழியும் அரபு வழியும் ஆங்கில வழியும் மூன்று உருவங்களில் நிற்கக்கூடும். புனைபெயர்கள் இச்சிக்கலை மேலும் பெருக்குகின்றன.

4. எழுத்துச் சீர்திருத்தம், குறியீடு, முழுப்பனுவல் தேடல்

நூலின் பெயரை மட்டுமன்றி அதன் உள்ளிருக்கும் ஒவ்வொரு சொல்லையும் தேடும் வாய்ப்பை இன்றைய மின்னூலகங்கள் தருகின்றன. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் 1845 இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதலிய ஆங்கில இதழ்களைச் சொல்வாரியாகத் தேட இயலும். 1935 இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அத்தளத்தில் படிமங்களாக உள்ளன. ஆயின் தமிழ்ப் படிமங்களில் சொற்றேடல் ஆங்கிலத்தின் அளவுக்கு நம்பத்தக்கதன்று. அதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, எழுத்துருவம். இன்று நாம் எழுதும் ‘ணை’, ‘லை’, ‘றா’, ‘னா’ முதலிய வடிவங்கள், பெரியார் பரிந்துரைத்துத் தமிழ்நாட்டரசு 1978 இல் ஏற்றுக்கொண்ட சீர்திருத்தத்தின் பயனாகும். சிங்கப்பூரும் மலேசியாவும் அதனைப் பின்னர் ஏற்றன. அதற்கு முன் அச்சான பக்கங்களில் இவை கொம்பும் சுழியுமாக வேறு வடிவங்களில் உள்ளன. புதிய வடிவத்திற்குப் பழக்கப்பட்ட எழுத்துணர் கருவி பழைய வடிவத்தைப் பிழையாகப் படிக்கக்கூடும். ஆகவே, பழைய இதழ்களில் தேடும்பொழுது இத்தகைய எழுத்துக்கள் இல்லாத சொல்லைத் திறவுச்சொல்லாகத் தெரிவு செய்வது நலம்.

இரண்டாவது, கணினிக் குறியீடு. சிங்கப்பூரில் 1997 இல் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் நடைபெற்ற தமிழிணைய மாநாடும், அதனைத் தொடர்ந்து 1999 இல் சென்னையிலும் 2000 இல் மீண்டும் சிங்கப்பூரிலும் நடைபெற்ற மாநாடுகளும், எழுத்துருக் குழப்பத்திற்குத் தீர்வு காண முற்பட்டவை. ஒருங்குறி பரவலாவதற்கு முன் தட்டச்சான கோப்புகளில் எழுத்து கண்ணுக்குத் தமிழாகத் தெரியினும், கணினிக்கு அது தமிழன்று. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வெளிவந்த மாநாட்டுக் கட்டுரைகள் பல இணையத்தில் இருந்தும் தேடலில் அகப்படாமைக்கு இதுவே காரணம். ஒருங்குறியிலும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றி உள்ளே வேறுபடும் எழுத்துக்கள் உண்டு. ‘ஔவையார்’ என்னும் பெயரின் முதலெழுத்தைத் தனி எழுத்தாகவும் தட்டச்சலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்தும் தட்டச்சலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்திற்கும் இரு குறியீட்டு வரிசைகள் வழங்குகின்றன. ஆலய வரலாறு ஆராயும் மாணவர் இதனை மறத்தலாகாது.

மூன்றாவது, தமிழின் சொல்லமைப்பு. ‘சங்கம்’ என்னும் சொல் ‘சங்கத்தில்’, ‘சங்கங்களின்’, ‘சங்கப்’ எனப் பலவாறு வரும். முழுச்சொல்லை இட்டுத் தேடினால் இவற்றுட் பல விடுபடும். ‘சங்க’ என்னும் பகுதியோடு உடுக்குறியை இட்டுத் தேடினால், அவ்வசதியுள்ள தளங்களில், அனைத்தும் அகப்படும். பழைய அச்சில் சொற்கள் புணர்ந்தே நிற்பதால், இடைவெளி விட்டும் விடாமலும் இருமுறை தேடுதல் வேண்டும்.

5. சொல்லுக்கும் ஆண்டுக்கும் வரலாறு உண்டு

ஆங்கில இதழ்களில் நம் சமூகம் எப்பெயரால் குறிக்கப்பட்டது என்பது ஒரு தனி ஆய்வுக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூர் நாளிதழ்களில் ‘தமிழர்’ என்னும் சொல்லோடு ‘கிளிங்’, ‘சூலியா’ முதலிய சொற்களும் வழங்கின. அவற்றுள் ‘கிளிங்’ என்பதை நம்மவர் இழிசொல்லாகக் கருதி எதிர்த்தனர். சிங்கப்பூரின் ‘கிளிங் தெரு’ 1920களின் தொடக்கத்தில் ‘சூலியா தெரு’ எனப் பெயர் மாறியது. நாம் விரும்பாத சொல்லாயினும், தேடும்பொழுது அதனையும் இட்டே தேட வேண்டும். ‘தமிழர்’ என்று மட்டும் தேடினால், அக்காலச் செய்திகளில் பெரும்பகுதி நம் பார்வைக்கு வாராது. தைப்பூசம், தீபாவளி முதலிய விழாப் பெயர்களும் ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்களில் வழங்கியவை.

ஊர்ப்பெயரும் நாட்டுப்பெயரும் அவ்வாறே. 1963 க்கு முன் ‘மலேசியா’ என்னும் நாடு இல்லை. நீரிணைக் குடியேற்றங்கள், கூட்டு மலாய் மாநிலங்கள், மலாயா கூட்டரசு எனக் காலத்திற்கேற்ற பெயரை அறிதல் வேண்டும். கிள்ளான் துறைமுகம் முன்னர் ‘சுவெட்டன்ஹாம் துறைமுகம்’. தெலுக் இந்தான் முன்னர் ‘தெலுக் ஆன்சன்’.

ஆண்டு வரையறையிலும் கவனம் தேவை. பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் பிரபவ முதலிய அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரே காணப்படும். ‘பிரபவ’ என்பது 1867 இலும், 1927 இலும், 1987 இலும் தொடங்கும் ஆண்டாகலாம். இஸ்லாமியத் தமிழ் நூல்களில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். ஹிஜ்ரி 1289 என்பது 1872 மார்ச்சில் தொடங்கி 1873 பிப்ரவரி இறுதியில் முடிகின்றது. பட்டியலாளர் செய்த மாற்றத்தில் ஓராண்டோ அறுபதாண்டோ பிறழ வாய்ப்புண்டு. ஆதலின், தரவுத்தளத்தில் ஆண்டு எல்லையை மிகக் குறுக்கி வகுத்தலாகாது. ஆண்டு குறிக்கப்படாத பதிவுகளைத் தனியே நோக்குதல் வேண்டும்.

6. ஒரு தேடல்: ‘வினோத சம்பாஷணை’

மேற்கூறியவற்றை ஒருங்கே காட்டும் சான்று ஒன்றைக் காண்போம். சி.கு. மகுதூம் சாயபு ஆசிரியராக இருந்து நடத்திய ‘சிங்கை நேசன்’ 1887 ஜூன் முதல் 1890 வரை வெளிவந்த வார இதழ். அவ்விதழில் 1888 இல் இடம்பெற்ற ‘வினோத சம்பாஷணை’ என்னும் படைப்பைச் சிங்கப்பூரின் முதற் சிறுகதையாக நா. கோவிந்தசாமி முன்வைத்தார். அது சிறுகதை இலக்கணத்திற்குப் பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும், இவ்வட்டாரத் தமிழ்ப் புனைகதையின் தோற்றத்தைப் பற்றிய விவாதத்தை அது மாற்றியமைத்தது என்பதில் ஐயமில்லை.

இன்றைய மாணவர் ஒருவர் ‘சிங்கப்பூர்’, ‘சிறுகதை’, ‘19 ஆம் நூற்றாண்டு’ என மூன்று சொற்களை இட்டு அக்காலப் பனுவல்களைத் தேடினால் இப்படைப்பு கிடைக்குமா? கிடைக்காது. ‘சிறுகதை’ என்னும் வகைப்பெயர் அன்று நிலைபெறவில்லை. அவ்விதழ் தன் படைப்பை அவ்வாறு அழைக்கவுமில்லை. ஊரின் பெயர் ‘சிங்கை’ என நிற்கின்றது. ‘வினோத’ என்பதை றன்னகரத்திலும் தந்நகரத்திலும் எழுதுவோர் உளர். ரோமன் உருவத்தில் ‘சம்பாஷணை’ ஆங்கில ‘சி’யில் தொடங்கும், இதழின் பெயரும் அவ்வாறே. ‘ஷணை’யின் ணைகாரம் பழைய அச்சில் வேறு வடிவம் கொண்டது. மகுதூம் சாயபுவின் பெயரோ பல எழுத்துக்கூட்டல்களில் வழங்குவது. ஒரு தலைப்பில் இத்தனை தடைகள் ஒருங்கே நிற்கின்றன.

இவ்வாறான படைப்பைச் சொல்லை இட்டுக் கண்டெடுத்தல் அரிது. இதழ்ப் பக்கங்களைப் படித்தே கண்டறிய வேண்டும். இங்குத் தரவுத்தளத்தின் பணி யாது? இதழின் பெயரை அதன் எல்லா உருவங்களிலும் தேடி, எந்த நூலகத்தில், எவ்வடிவில், எந்த ஆண்டுகளுக்கு உள்ளது எனக் காட்டுவதே. அதற்குமேல் செய்ய வேண்டியது வாசிப்பு. தேடல் வாசிப்பின் வாயில், வாசிப்புக்கு மாற்றன்று.

7. ஆசிரியர் பயிற்றத்தக்க நெறி

இவற்றினின்று மாணவர்க்குச் சில நெறிகளை வகுக்கலாம். முதலாவதாக, ஆய்வு வினாவைச் சொற்களாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் உருவம், பேரகராதி ரோமன் உருவம், வழக்கு ஆங்கில உருவம், காலனித்துவ வழக்கு, மலாய் வழக்கு என ஐந்து பத்திகளில் ஓர் அட்டவணை வரைதல். ஒரே பொருள் தரும் சொற்களை ‘ஆர்’ என்னும் இணைப்பாலும், வெவ்வேறு பொருள் தருவனவற்றை ‘அண்ட்’ என்னும் இணைப்பாலும் கோத்தல். ‘நாட்’ என்பதை இயன்றவரை தவிர்த்தல். அது வேண்டாததோடு வேண்டியதையும் நீக்கக்கூடியது.

இரண்டாவதாக, ஒரு நூல் கிடைத்ததும் அதன் பதிவை முழுமையாகத் திறந்து, நூலகர் அதற்கு இட்டுள்ள பொருள் தலைப்பையும் வகுப்பெண்ணையும் குறித்துக்கொள்ளல். தூவி முறையில் தமிழ் இலக்கியம் 894.811 என்னும் எண்ணின்கீழ் அமையும். அத்தலைப்பையே அடுத்த தேடலின் சொல்லாக்கினால், நாம் நினையாத நூல்களும் முன்வரும். பின்னர் அவ்வெண்ணுக்குரிய அலமாரிக்கு நேரிற் செல்லல் வேண்டும். பதிவில் பிழையுற்ற நூலும் அலமாரியில் நின்றுகொண்டிருக்கும்.

மூன்றாவதாக, ஒரு தளத்தோடு நில்லாமை. 1994 இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2005 இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 2015 இல் நிறைவுற்ற சிங்கப்பூர்த் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் ஆகியன ஒவ்வொன்றும் வெவ்வேறு நோக்கத்தில் தொகுக்கப்பட்டவை. இவ்வட்டாரத் தமிழர் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் நூல் அச்சிட்ட மரபு உண்டாதலால், இங்கில்லாதது அங்கிருக்கலாம். எத்தளமும் என்றும் திறந்திருக்கும் எனவும் கருதலாகாது. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் நூற்பட்டியல் 2024 ஜனவரி வரை பயன்பாட்டில் இல்லாதிருந்தது. அந்நாள்களில் 1909 ஆம் ஆண்டின் அச்சுப் பட்டியலைக் கையாளத் தெரிந்தவர்க்கு ஒரு வழியேனும் எஞ்சியிருந்தது.

நான்காவதாக, தேடற் குறிப்பேடு. எந்நாளில், எத்தளத்தில், எச்சொற்களால், எவ்வெல்லைக்குள் தேடினார், எத்தனை கிடைத்தன என்பதை மாணவர் எழுதிவைத்தல் வேண்டும். ‘முந்தைய ஆய்வுகள் இல்லை’ என எழுதுவோர் இக்குறிப்பேட்டைப் பின்னிணைப்பாக அளித்தல் வேண்டும் என மேற்பார்வையாளர் வலியுறுத்தலாம். அப்பொழுது அத்தொடர் தானே திருந்தி, ‘இன்ன தளங்களில் இன்ன சொற்களால் தேடியதில் கிடைக்கவில்லை’ என உருமாறும். அது சிறிய கூற்று. ஆயின் உண்மையான கூற்று.

இதன் மறுபுறமும் நோக்கத்தக்கது. 2022 இறுதி முதல் பரவிவரும் உரையாடற் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் புனைந்து தரக்கூடியவை. உள்ளதை இல்லை என்றல் ஒரு பிழை. இல்லாததை உண்டு என்றல் மற்றொரு பிழை. கருவி தரும் ஒவ்வொரு நூலையும் நூலகப் பட்டியலில் கண்டு, கையில் எடுத்துப் படித்த பின்னரே சான்று காட்டுதல் வேண்டும்.

முடிவுரை

மலாயா, சிங்கப்பூர்த் தமிழரின் எழுத்து வரலாறு, பதிவு செய்தோரின் எல்லைகளால் பெரிதும் வடிவமைக்கப்பட்டது. 1867 இல் ஓர் ஆட்சி மாற்றம், 1886 இல் ஒரு சட்டம், 1960களில் ஒரு கணினிப் பதிவு முறை, 1978 இல் ஓர் எழுத்துச் சீர்திருத்தம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிகழ்வுகள், இன்று ஒரு மாணவரின் திரையில் எது தோன்றும், எது தோன்றாது என்பதைத் தீர்மானிக்கின்றன. சிறுபான்மை மொழியொன்றின் ஆய்வில் இதன் விளைவு கடுமையானது. ‘இல்லை’ என ஓர் ஆய்வேட்டில் எழுதப்படுவது அடுத்த ஆய்வேட்டில் மேற்கோளாகி, அதற்கடுத்ததில் முடிந்த உண்மையாகிவிடும். எழுதியவரும் அச்சிட்டவரும் இரண்டாம் முறை மறைந்துபோவர். அதனைத் தடுக்கும் பொறுப்பு நூலகரைச் சார்ந்தது மட்டுமன்று. நூற்பட்டியலின் வரலாற்றை இலக்கிய வரலாற்றுப் பாடத்தின் ஒரு பகுதியாகவே கற்பிக்கும் ஆசிரியரையும் அது சார்ந்ததாகும்.